நெற்றியில் எழுதுவது

தோ-ஆஷூ கணவாய். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்
லாரி கவிழ்ந்து நாற்பது நிமிடம்.
தப்பிய ஆடுகள் சாலையெங்கும் நிற்கின்றன,
எங்கள் விளக்கொளியில் கண்கள் மட்டும் பச்சையாக.

நான் உடனே ஓடவில்லை.
மேலே தொங்கும் பனியைப் பார்த்தேன்,
டீசல் வாடை வருகிறதா என்று முகர்ந்தேன்.
ஷெய்ஷென்பெக் வளைவு வரை நடந்துபோய்
சிவப்பு முக்கோணத்தை நட்டுவிட்டு வந்தார்.
நானும் விழுந்தால் மூன்று பேர்.
இதைக் கல்நெஞ்சு என்று சொன்னவர்கள் உண்டு.

கத்திக்கொண்டிருந்தவன் எல்தியார்,
லாரி ஓட்டி வந்தவன், இருபத்து மூன்று வயது.
கத்த முடிகிறதென்றால் மூச்சுக்கு வழி இருக்கிறது.
அந்த அலறல் எனக்கு நல்ல செய்தி.
கெட்ட செய்தி தொடையில்:
சூடான ரத்தம் பனியைக் கரைத்துக் கரைத்து
அவனுக்குக் கீழே ஒரு கிண்ணம் செய்திருந்தது.

முதலில் ரத்தம். மூச்சுக்கும் முன்னால்.
நான் படித்த காலத்தில் வரிசை வேறு.
நிறையப் பேரைப் புதைத்த பிறகு மாற்றினார்கள்.
பட்டையைத் தொடையின் மேலேற்றி முறுக்கினேன்.
ஒரு சுற்று. என்னைத் திட்டினான்.
இரண்டு. அம்மாவைக் கூப்பிட்டான்.
மூன்றாவதில்
கிண்ணம் நிறைவது நின்றது.

கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதவேண்டும்.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது, பேனாவில் மை உறைந்துவிட்டது.
முனையை வாயில் வைத்துச் சூடாக்கினேன்,
அதனால் ஆறுதல் சொல்ல வாயில்லை.
"நெற்றியில் எழுதியதுதான் நடக்கும்" என்பார்கள் எங்கள் பக்கத்தில்.
4.52 என்று எழுதினேன்.
இரண்டின் வால் நீண்டு புருவத்தில் முட்டியது.
என் கையெழுத்து எப்போதுமே மோசம்.

அப்புறம்தான் அவளைப் பார்த்தேன்.
சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து
ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஜிபார்குல். வழியில் கைகாட்டி ஏறியவள்.
உடம்பில் ஒரு சொட்டு ரத்தமில்லை.
"எனக்கு ஒன்றுமில்லை தங்கச்சி, அந்தப் பையனைப் பார்."

போகிற போக்கில் மணிக்கட்டைத் தொட்டேன்.
நாடி கிடைக்கவில்லை.
கழுத்தில் தேடினேன். அங்கே இருந்தது,
மழைக்கு ஓடுகிறவனின் காலடி போல
சின்னதாய், அவசரமாய்.
வயிறு பலகை.
இடுப்பெலும்பை அழுத்திப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது.
போர்வையை மடித்து இறுக்கிச் சுற்றினேன்.

கத்துகிறவனுக்குக் கொஞ்சம் நேரமிருக்கிறது.
அமைதியாக இருப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்,
கல்யாண விருந்துகளில்கூட.

அவள் நெற்றியில் நான் எதுவும் எழுதவில்லை.
உள்ளே கசிவது எப்போது தொடங்கியதென்று
யார் பார்த்தார்கள்.

ஒரே வேன், இரண்டு பேர், இரண்டரை மணி நேர இறக்கம்.
ஷெய்ஷென்பெக் கோட்டைத் திறந்து
அக்குளில் அடைகாத்த உப்புநீர்ப் பையை எடுத்துக் கொடுத்தார்.
தாராளமாக ஏற்றக்கூடாது.
நீர்த்த ரத்தம் உறையாது, குளிர்ந்த ரத்தமும் உறையாது.
மணிக்கட்டில் நாடி எட்டிப்பார்க்கும் அளவு போதும்.
என் கோட்டையும் அவள்மேல் போட்டேன்.

"ஆடுகளை எண்ணிக்கொண்டே வாங்க அக்கா, விட்டுடாதீங்க."
சுரங்க விளக்குகளுக்கு அடியில் எண்ணினாள்.
முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.
வளைவு.
முப்பத்தெட்டு.
இன்னொரு வளைவு.
முப்பத்தெட்டு.
எல்தியார் கத்துவதை நிறுத்திவிட்டுத்
திரும்பி அவளைப் பார்த்தான்.
"முப்பத்தொன்பது" என்று எடுத்துக்கொடுத்தான்.

காரா-பால்டா ஆஸ்பத்திரி வாசலில்
என்ன நடந்தது, என்ன கண்டேன், என்ன செய்தேன்:
நாற்பது நொடியில் சொல்லி முடித்தேன்.
கதவு சாத்தியது.
அதற்கப்புறம் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
கேட்டால் சொல்வார்கள். நான் கேட்பதில்லை,
இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

வேன் கண்ணாடியில் பார்த்தால் உதடெல்லாம் நீலம்.
தரையைக் கழுவிய தண்ணீர்
வாசலிலேயே உறைந்தது.
அந்த ஆடுகளை யாராவது ஓட்டிவரவேண்டுமே
என்றார் ஷெய்ஷென்பெக், போனை எடுத்துக்கொண்டு.
எத்தனை இருக்கும்?

முப்பத்தெட்டு, என்றேன்.